வாபஸ் வாங்கிய சிபாரிசு

மச்சானுக்கு மிலிட்டரியில் இடம் கிடைத்த அன்று என் மனைவி கேசரி கிண்டினாள். தெருவில் எல்லோருக்கும் கொடுத்தோம். என் பங்கு மட்டும் கிண்ணத்திலேயே இருந்தது. சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் எனக்குச் சந்தோஷம் வரும்போதே அதன் பின்னால் ஒரு பயமும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒன்பதாவது பாதியில் நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்குக்கூட அந்தப் பயம் ஒரு காரணம். கணக்கு வாத்தியார் இன்றைக்கு என்னை எழுப்பிவிடுவாரோ என்று முந்தின நாளே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவேன்.

நான் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். மச்சான் என்று சொல்வது என் மனைவியின் தம்பியை. மாமனாரும் மாமியாரும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் அவன் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவன்தான் பிள்ளை. தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் விடிவதற்குள் போய் ஓடி, வீட்டுக் கதவு நிலையில் கம்பி கட்டித் தொங்கி, இரண்டாவது முறை போனதில்தான் தேர்வானான். இப்போதெல்லாம் நான்கு வருஷத்துக்குத்தான் எடுக்கிறார்கள். அது முடிந்த பிறகு சிலரை மட்டும் வைத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அந்தச் சிலரில் ஒருத்தனாக இருந்துவிட வேண்டும் என்பதுதான் அவன் கனவு.

வடக்கே ஒரு ஊரில் பயிற்சி. அந்த ஊரைப் பற்றிக் கைபேசியில் தேடப்போனேன். அது என்னைப் பயிற்சி முகாம்களில் நடக்கும் கொடுமைகளைப் பற்றிய வீடியோக்களில் கொண்டுபோய் விட்டது. பழைய ஆட்கள் புதுப் பையன்களைச் சரளைக் கல்லில் உருட்டுகிறார்கள், தவளை மாதிரி தாவவிடுகிறார்கள், குளிரில் தலையில் வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சிரிக்கிறார்கள். ஒன்றைப் பார்த்தால் அடுத்தது தானாக வந்தது. மனைவி கைபேசியைப் பிடுங்கி அலமாரியில் வைத்தாள்.

"அவன் போயி சேரவே இல்ல, அதுக்குள்ள அவன நீங்க அடி வாங்க வுட்டுட்டீங்க."

எங்கள் பக்கத்தில் எதற்கும் ஒரு தெரிஞ்சவர் வேண்டும். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்க, தாலுகா ஆபீஸில் சர்ட்டிபிகேட் வாங்க, ஆனித் திருமஞ்சனத்தன்று சிதம்பரம் கோயிலில் கொஞ்சம் முன்னால் நின்று பார்க்க, எல்லாவற்றுக்கும் யாராவது ஒருவரைச் சொல்லி வைத்திருப்போம். தெரிஞ்சவர் இல்லாமல் ஓரிடத்துக்குப் போவது சட்டை இல்லாமல் போவது மாதிரி. அதனால் மிலிட்டரிக்கும் தெரிஞ்சவரைத் தேட ஆரம்பித்தேன். கண்டக்டருக்கு அது பெரிய கஷ்டமில்லை. டிக்கெட் கிழிக்கிற நேரத்தில் நாலு பேரிடம் விசாரித்தால் ஐந்தாவது ஆள் யாரையாவது காட்டுவார். குறிஞ்சிப்பாடியைச் சேர்ந்த ஒரு ஹவில்தார் அதே முகாமில் பயிற்சி கொடுக்கிறார் என்றும், இப்போது லீவில் வந்திருக்கிறார் என்றும் தெரிந்தது. பயிற்சி கொடுக்கிறவரை அங்கே உஸ்தாத் என்று கூப்பிடுவார்களாம்.

பலாப்பழம் ஒன்றை இருசக்கர வண்டியின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போனேன். அவர் பனியனும் டிராக் பேன்ட்டுமாக வாசலில் கார் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைவிட வயதில் சின்னவர். கழுத்து மட்டும் தூண் மாதிரி இருந்தது.

"என்னாண்ணே, இம்மாம் பெரிய பழம்?"

"சும்மா சார். பண்ருட்டிப் பழம்."

"குறிஞ்சிப்பாடிக்காரனுக்கே பண்ருட்டிப் பழமா?" என்று சிரித்தார். நாற்காலி போடச் சொன்னார். நான் நுனியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன்.

"பையன் நல்ல பையன் சார். கொஞ்சம் வெள்ளந்தி. யாரு என்னா சொன்னாலும் நம்புவான். நீங்க கொஞ்சம் பாத்துக்கணும்."

"எத்தன பேரு வந்து இதயே சொல்றாங்க தெரியுமா? ஆனா நீங்க பழத்தோட வந்துட்டீங்க. நம்மூரு பையன், வுட்டுருவனா? போயி சேந்ததும் என்னாண்ட வந்து நிக்கச் சொல்லுங்க."

அன்று ராத்திரி நான் தூங்கினேன். மனைவியே மறுநாள் அதைச் சொல்லிக் காட்டினாள்.

பயிற்சியில் இருப்பவர்களிடம் கைபேசி இருக்காது. ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம் கையில் கொடுப்பார்கள். அந்த நேரத்துக்காக நான் ஞாயிறு வண்டிக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். முதல் சில ஞாயிறுகளில் அவன் பேச்சை நிறுத்த முடியாது. சப்பாத்தி தோல் மாதிரி இருக்கிறது, முடியை மொட்டையாக வழித்துவிட்டார்கள், பக்கத்துக் கட்டில் பையன் தூக்கத்தில் இந்தியில் அழுகிறான் என்று எல்லாமே சிரிப்பாக வரும்.

"உஸ்தாத் கூப்ட்டு விசாரிச்சாரு மாமா. உங்க பழத்த பத்தி சொன்னாரு. நல்ல இனிப்பாம்."

நான் மனைவியைப் பெருமையாகப் பார்த்தேன்.

அப்புறம் குரல் மாறியது. மாறியது என்று மற்றவர்களுக்குத் தெரியாது. "நல்லாருக்கேன் மாமா, சாப்ட்டேன் மாமா, அக்காகிட்ட குடுங்க மாமா" என்று எல்லாம் சரியாகத்தான் சொன்னான். ஆனால் அவன் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. வண்டி எப்படி ஓடுகிறது, பின்வீட்டு நாய் குட்டி போட்டதா என்று எதையுமே கேட்கவில்லை. மனைவியிடம் சொன்னேன்.

"களைப்பா இருப்பான். உங்களுக்குப் பூனை குறுக்க போனாலும் அன்னிக்குப் பூரா அதே கவலதான்" என்றாள்.

இரண்டு ஞாயிறு பொறுத்தேன். மூன்றாவது ஞாயிறு அவள் கறி வாங்கப் போயிருந்த நேரத்தில் அழைப்பு வந்தது. நான் எடுத்ததும் கேட்டேன்.

"உங்க அக்கா இல்ல. நான் மட்டுந்தான் இருக்கேன். சொல்லுடா."

மெதுவாகச் சொன்னான். ஒருநாள் அவன் தங்கியிருக்கும் பாரக்கில் இருந்த எல்லோரையும் வெயிலில் சாக்கடை வெட்டப் போட்டிருக்கிறார்கள். உஸ்தாத் அவனை மட்டும் கூப்பிட்டு ஸ்டோரில் சாமான் எடுத்து வைக்கும் வேலையைக் கொடுத்துவிட்டார். நிழல், மின்விசிறி, நடுவில் டீ. சாக்கடை வெட்டியவர்கள் வேலை சரியில்லை என்று சரளையில் உருட்டப்பட்டுத் திரும்பி வந்தபோது இவன் சட்டை கசங்காமல் கட்டிலில் உட்கார்ந்திருந்திருக்கிறான். மறுநாள் அவன் பூட்ஸுக்குள் தண்ணீர். அதற்கடுத்த நாள் கொசுவலையில் பிளேடு போட்ட கிழிசல். ஒரு வாரம் கழித்து, தூங்கும்போது தலையில் கம்பளியைப் போட்டு அமுக்கிக்கொண்டு அடித்திருக்கிறார்கள்.

"கம்பளி எதுக்குடா?"

"யாரு அடிக்கறான்னு தெரியக் கூடாதுல்ல மாமா. அது அங்க ஒரு பழக்கம். எல்லாருக்கும் தெரியும்."

"இரு. இப்பவே அந்த சாருக்கு போன் போடறேன்."

"மாமா!" என்று கத்தினான். அவன் என்னிடம் கத்தியது அதுதான் முதல் தடவை. "அத மட்டும் பண்ணாதீங்க. அவரு எறங்கி வந்து கேட்டாருன்னா மொத்த பாரக்கையும் உருட்டுவாரு. அதுக்கும் சேத்து என்னத்தான் மொத்துவானுங்க. நீங்க ஒன்னும் பண்ணாம இருந்தாவே போதும். அக்காகிட்டயும் சொல்லாதீங்க. எனக்கு சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன்.

ஒன்றும் செய்யாமல் இருப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பயந்தவன் ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும். யாரையாவது பார்க்கப் போக வேண்டும், யாருக்காவது போன் போட வேண்டும். அந்த வாரங்களில் ஆலப்பாக்கத்துக்கு டிக்கெட் கேட்டவருக்குப் பரங்கிப்பேட்டை முட்லூருக்குக் கொடுத்தேன். ஆள் இறங்குவதற்குள் விசில் ஊதி ஒரு அம்மா கீழே விழப் பார்த்தார். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "மாப்ள, நீ வண்டிலதான இருக்க?" என்றார். உஸ்தாதுக்குச் செய்தி அடித்து அடித்து அழித்தேன். திருவந்திபுரத்துக்குப் போய்ப் பெருமாள் முன்னால் நின்றபோதுகூட, கேட்டால் அவர் ஏதாவது செய்து அதுவும் பையனுக்கு வினையாகிவிடுமோ என்று ஒன்றும் கேட்காமல் வந்தேன். மனைவி, "என்னா வேண்டிக்கிட்டீங்க?" என்றாள். "பொதுவா" என்றேன்.

அப்போதுதான் அந்த ஹவில்தார் என் பஸ்ஸிலேயே ஏறினார். தங்கை கல்யாண வேலையாக நாலு நாள் லீவில் வந்தவர், சிதம்பரம் கோயிலுக்குப் போய்விட்டு மனைவி, குழந்தையோடு கடலூருக்குக் கல்யாணத் துணி எடுக்கக் கிளம்பியிருந்தார். கார் பட்டறையில் கிடக்கிறதாம். என்னைப் பார்த்ததும், "பலாப்பழம் அண்ணே!" என்று கூப்பிட்டார்.

போன் போடக் கூடாது என்றுதான் சத்தியம். நேரில் பார்த்தால் பேசக் கூடாது என்று அவன் சொல்லவில்லை. இப்படியெல்லாம் நியாயம் கற்பித்துக்கொண்டே முன்னால் போய்ப் பின்னால் வந்து டிக்கெட் கொடுத்தேன். புதுச்சத்திரம் தாண்டியதும் அவர் சீட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயில் வந்தது இதுதான்.

"சார், அன்னிக்குப் பையன பாத்துக்கச் சொன்னேன்ல? அத நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

"என்னாது?"

"அவன நீங்க கண்டுக்காதீங்க சார். எல்லாரும் என்னா வேல செய்யறாங்களோ அதயே குடுங்க. தெரிஞ்ச பையன்னு நெனைக்காதீங்க."

பின் சீட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்காரம்மா, "டிக்கெட்டு குடுன்னா மிலிட்டரிக்கு மனு குடுத்துகினு இருக்க?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். ஹவில்தாரும் சிரித்தார். குழந்தையை மனைவி மடியில் கொடுத்துவிட்டு எழுந்து என்னோடு படிக்கட்டுப் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கம்பளி போட்டத சொன்னானா?"

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

"காலைல பி.டி.க்கு வந்து நிக்கறப்ப மூஞ்சப் பாத்தாத் தெரியாதா? எனக்கும் போட்டாங்கண்ணே. அழுதேன். அப்புறம் அவனுங்களேதான் எனக்கு மாப்ள, மச்சான் எல்லாம். அதோட முடிஞ்சிரும்."

"தெரிஞ்சும் நீங்க ஏன் சார் ஒன்னும் கேக்கல?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோபமில்லை. அடி வாங்கிய பழைய பையன் ஒருவன் அந்தத் தடித்த கழுத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

"கேட்டா அவனுக்குத்தான ஜாஸ்தியாவும்? நீங்களுந்தான இப்ப கண்டுக்காதீங்கன்னு சொல்றீங்க. நான் ஏற்கனவே கண்டுக்கலண்ணே."

வண்டி காரைக்காடு நிறுத்தத்தில் நின்றது. ஆட்கள் ஏறினார்கள். அவருக்கு டிக்கெட் கொடுத்திருந்தேனா இல்லையா என்பதுகூட மறந்துபோய் இன்னொரு முறை கிழித்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவனுக்கு நிழல் வேலை வரவில்லை. எல்லோரோடும் சேர்த்து வெட்டினான், சேர்த்து உருண்டான். "இன்னிக்கு எங்க எல்லாரையும் உருட்டுனாங்க மாமா" என்று ஒரு ஞாயிறு சொன்னபோது அவன் குரலில் பழைய சிரிப்பு வந்திருந்தது. உருட்டியதற்கு ஒருவன் சந்தோஷப்படுகிறான், அதைக் கேட்டு நானும் சந்தோஷப்படுகிறேன். என்ன பிழைப்பு இது என்று தோன்றினாலும் அன்றைக்கு எனக்குப் பசித்தது.

பயிற்சி முடிந்து லீவில் வந்தான். தோள் விரிந்து, நிறம் கறுத்து, நடையே மாறியிருந்தது. மனைவி திருஷ்டி சுற்றினாள். வீட்டில் டிவி சத்தத்தை அவன் கூட்டுவான், அவள் குறைப்பாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் என் பஸ்ஸில் சிதம்பரத்துக்கு வந்தான். முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவனை இடது பக்கத்திலிருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் துள்ளினான்.

"பஸ்ஸு சத்தம் மாமா."

பஸ் சிக்னலில் நின்றுகொண்டிருந்தது. இன்ஜினைக்கூட டிரைவர் அணைத்திருந்தார்.

மறுநாள் அவனைக் கடலூரில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டில் சினிமாவுக்கு என்று சொன்னோம். டாக்டர் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, இடது காது ஜவ்வில் ஓட்டை இருக்கிறது என்றார். பழைய ஓட்டை. கன்னத்தில் யாராவது ஓங்கி அறைந்தார்களா என்று கேட்டார். இவன் கூரையைப் பார்த்தான்.

"அடிபட்ட ஒடனே காட்டிருந்தா மருந்துலயே மூடியிருக்க சான்ஸ் உண்டு. இப்ப ஓரமெல்லாம் காஞ்சி போச்சு. ஆபரேஷன் பண்ணித்தான் ஒட்டணும். தண்ணி படாம பாத்துக்குங்க."

ஒடனே காட்டியிருந்தால். அந்த ஞாயிறு நான் சத்தியம் பண்ணிக்கொண்டு நின்ற இடம், கையில் பிடித்திருந்த ஜன்னல் கம்பி எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. வெளியே டீக்கடையில் நின்றோம். அவன் வலது காது என் பக்கம் வரும்படி தானாக நகர்ந்து நின்றான்.

"அங்க போயி காட்டுடா. அவங்க ஆஸ்பத்திரிலயே பண்ணுவாங்க."

"காட்டுனா எப்படி ஆச்சின்னு கேப்பாங்க மாமா. சொன்னா விசாரண. நாலு வருஷம் கழிச்சி யார வெச்சிக்கலாம்னு பாக்கறப்ப, இவன் கூட இருந்தவன மாட்டி வுட்டவன்னு எழுதாமயே தெரியும். சொல்லாம இருந்தா காது மட்டுந்தான போவும்?"

"காது மட்டுந்தானா?"

"ஒரு காதுதான மாமா."

அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. அப்படி நினைத்ததே பயமாக இருந்தது. நான் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். "நீ திரும்பிப் போன மொத வாரத்துலயே அந்த ஆஸ்பத்திரில போயி நிக்கல, உங்க அக்காகிட்ட கம்பளி கதைய முழுசா சொல்லிடுவேன். சத்தியமாவது ஒன்னாவது."

உஸ்தாதுக்கும், பாரக்குக்கும், சரளைக்கும் பயப்படாதவன் அதற்கு மிரண்டான்.

"மாமா, அவ ரயிலேறி அங்க வந்துருவா மாமா."

"வருவா. கேட்டுல நின்னு கத்துவா."

பாக்ஸிங்கில் அடிபட்டது என்று சொல்லிக் காட்டுகிறேன், அதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள் என்றான். அடித்தவன் பெயர் வெளியே வராது. காது சரியாகும். நான் சரி என்றேன். அது சரிதானா என்று இன்றுவரை தெரியவில்லை. மனைவியிடமும் பாக்ஸிங் என்றே சொன்னோம். அவள் ஒரு மணி நேரம் பாக்ஸிங்கைத் திட்டினாள்.

போன ஞாயிறு அழைத்தான். இப்போது அவன் யூனிட்டில் இருப்பதால் தன் கைபேசியிலேயே வீடியோவில் வருகிறான். டாக்டர் நம்பிவிட்டார், வேலைக்கு ஆபத்து இருக்காது என்று நினைக்கிறேன், வருகிற புதன்கிழமை ஆபரேஷன் என்றான். ஆபரேஷன் ஆனவனோடு கூட ஒரு ஆள் இருக்க வேண்டுமாம்.

"யாரு இருக்காங்க?"

அவன் கைபேசியோடு சற்றுத் தள்ளிப் போனான். "அவன்தான் மாமா."

"எவன்?"

"அந்த கம்பளி... அவனும் இங்கதான் போஸ்டிங். நான் சொல்லலன்னு தெரிஞ்சதும் அவனே வந்து சொன்னான், தான்தான் அறைஞ்சன்னு. அழுதான் மாமா. இப்ப என் துணியெல்லாம் அவன்தான் தொவைக்கறான். வேணாம்னாலும் வுட மாட்டறான். இருங்க, பேசறீங்களா?"

வேண்டாம் என்று சொல்வதற்குள் திரையில் வேறு முகம் வந்துவிட்டது. மாதக்கணக்கில் நான் அவனுக்கு ஒரு முகம் வைத்திருந்தேன். தடித்த உதடு, முறுக்கிய மீசை. இது மீசை சரியாக முளைக்காத முகம். முன்பல் ஒன்று கோணல்.

"நமஸ்தே மாமாஜி" என்றது.

அவனைக் கேட்க என்னிடம் எவ்வளவோ இருந்தது. எனக்குத் தெரிந்த இந்தி, சிப்காட் வேலைக்கு வரும் வடநாட்டுப் பையன்களிடம் பஸ்ஸில் கேட்கும் இந்தி மட்டும்தான். "கஹான் உதர்னா?" என்று வாய் கேட்டுவிட்டது. எங்கே இறங்க வேண்டும் என்று. அவன் விழித்தான். பின்னால் மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். அவனும் சேர்ந்து சிரித்தான். இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு சிரித்ததில் திரை ஆடி, அழைப்பு அறுந்துபோனது.

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாருங்க அந்தப் பையன்? சிரிச்ச மூஞ்சா இருக்கான்."

"கூட இருக்கற பையன்" என்றேன்.

"அவனே தொணைக்கி இருக்கானா? தங்கமான புள்ள போல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

புதன்கிழமைக்கு லீவு கேட்டிருக்கிறேன். ஆபரேஷன் அங்கே நடக்கிறது, நீ இங்கே லீவு போட்டு என்னய்யா பண்ணப் போற என்று முதலாளி கேட்டார். மயக்க மருந்து கொடுத்துப் பையன் படுத்திருப்பான், பக்கத்தில் அறைந்தவனே உட்கார்ந்திருப்பான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? தலைவலி வரும் சார் என்றேன்.